ஹங்வெல்லக் காணியில் ஓடைக்கு மேல் போட்ட குழாய் மதகு அடித்துப் போய்விட்டது. இனி எப்படிக் கட்டுவது?

வெள்ளவத்தையிலிருந்து கேட்பவர்:
வணக்கம். ஹங்வெல்லப் பக்கம் மாமாவின் ஒன்றரை ஏக்கர் காணி எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பாதையோரம் 20 பேர்ச் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஓர் ஓடை குறுக்கே போகிறது. தென்னை, ரம்புட்டான், வீடு கட்ட நினைத்திருக்கும் மேட்டுநிலம் எல்லாம் அக்கரையில்.

ஒரு மேசன் பாஸ் சொன்னபடி 2 அடி விட்டமுள்ள ஹியூம் குழாய் (கொங்கிரீட் குழாய்) மூன்றைப் பக்கம் பக்கமாகப் போட்டு, மேலே கிரவல் கொட்டி, பெக்கோ இயந்திரத்தால் அமுக்கினோம். ஆறு மாதம் காரும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் போய்வந்தன. ஒக்டோபர் மழையில் ஒரே இரவில் கிரவல் முழுக்கப் போய்விட்டது. ஒரு குழாய் 30 அடி தள்ளிக் கிடந்தது. இன்னும் இரண்டு குழாய் சேர்த்து மேலே கொங்கிரீட் ஊற்றலாம் என்கிறார் பாஸ். பழைய லொறிச் சேசிஸ் ஒன்றைக் குறுக்கே போடலாம் என்கிறார் மைத்துனர். ஏற்கெனவே ஒருமுறை காசைத் தண்ணீரில் விட்டாயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வீதி மேற்பார்வையாளர்:
தம்பி, கொங்கிரீட்டை இப்போதைக்கு விடுங்கள். ஓடையின் அகலம், கரையின் உயரம், ஒக்டோபரில் தண்ணீர் ஏறிய அடையாளம், இந்த மூன்றையும் அளந்து வாருங்கள். குப்பை சிக்கியிருக்கும் வேலி, சேறு படிந்த மரம் இரண்டையும் பார்த்தால் அடையாளம் தெரியும். 2016 மே வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அது ஓடி வந்த தண்ணீரா, களனி கங்கை பெருகி ஓடை வழியாகப் பின்னுக்கு ஏறிய தண்ணீரா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

வெள்ளவத்தையிலிருந்து கேட்பவர்:
ஞாயிறு போய் அளந்தேன் ஐயா. அகலம் 11 அடி, கரை உயரம் 5 அடி. ஒக்டோபர் அடையாளம் ஓடையின் அடியிலிருந்து 4 அடி. 2016இல் பலாமரத்தில் 8 அடி உயரம் வரை நின்றதாம். அசையாமல் நின்ற தண்ணீர், வடிய நாட்கள் எடுத்தது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். கரையில் 3 அடி தோண்டியபோது கபொக் (செம்புறைக்கல்) வந்தது.

ஓய்வுபெற்ற வீதி மேற்பார்வையாளர்:
நல்லது. இப்போது கணக்கைப் பாருங்கள். 2 அடிக் குழாயின் வாய் 3 சதுர அடிக்குச் சற்று மேல். மூன்றும் சேர்ந்து ஒன்பதரை. ஒக்டோபரில் ஓடைக்குத் தேவைப்பட்ட இடம் 11 தர 4, அதாவது 44 சதுர அடி. ஐந்து குழாய் போட்டாலும் 16 வராது. அதுவும் வாய் சுத்தமாக இருந்தால்தான். ஒரு வாழைத்தண்டும் நாலு தென்னோலையும் வந்து குறுக்கே நின்றால் அந்த இடமும் போய்விடும்.

உங்கள் மதகு போன விதம் எனக்குக் கண்ணில் தெரிகிறது. தண்ணீர் தேங்கி, கிரவலுக்கு மேலால் வழிந்து, கீழ்ப்பக்கம் விழுந்த இடத்தில் குழி பறித்திருக்கும். குழாய் வாயைச் சுற்றி முகப்புச் சுவர் இல்லாததால் குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டியும் தண்ணீர் ஊர்ந்திருக்கும். அந்தக் குழி மேல்நோக்கித் தின்றுகொண்டு வந்து குழாயின் அடியை எடுத்துவிட்டது. மேலே கொங்கிரீட் ஊற்றினால் அடி போனது வெளியே தெரியாது. ஒருநாள் வாகனத்தோடு இறங்கும். எனக்குப் பயமே அதுதான்.

ஓடைக்குள் எதையும் வைக்காதீர்கள். இரு கரையிலும் ஒன்றரை அடி பின்தள்ளிச் சுவர் எழுப்பி, 14 அடிக்கு ஒரே கொங்கிரீட் தட்டாகப் போடுங்கள். அத்திவாரம் கரை மட்டத்தில் அல்ல, ஓடையின் அடியைவிடக் குறைந்தது 3 அடி கீழே போகவேண்டும். கபொக் இருப்பது அதிர்ஷ்டம். சுவர்களின் இரு பக்கமும் கரையோடு விரிந்து போகும் சிறகுச் சுவர் வேண்டும். அவற்றின் அடியில் பெரிய கருங்கல் அடுக்குங்கள். தட்டின் அடிப்பக்கம் ஒக்டோபர் அடையாளத்துக்கு 2 அடி மேலே இருக்கட்டும்.

2016 மட்டத்துக்கு உயர்த்தத் தேவையில்லை. அது நின்ற தண்ணீர், பாலம் மூழ்கி வெளியே வரும். ஆனால் ஓரத்தில் மதில்போல் கைப்பிடிச் சுவர் கட்டாதீர்கள், ஓடும் வெள்ளத்துக்கு அது அணையாகிவிடும். 8 அங்குலக் கரைக்கட்டும் குழாய்க் கைப்பிடியும் போதும்.

தெஹிவளை சிவில் இன்ஜினியர்:
ஐயா சொன்னதை அப்படியே எடுங்கள் அண்ணா. நான் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இன்று கார் போகும் என்று நினைக்கிறீர்கள். வீடு கட்டத் தொடங்கினால் டிப்பர் வரும். ஒரு கியூப் மணல் 100 கன அடி, ஈரமாக இருந்தால் நாலரை டன்னுக்கு மேல். இரண்டு கியூப் ஏற்றிய டிப்பர் வண்டியின் எடையோடு 15 டன்னைத் தொடும். ரெடிமிக்ஸ் லொறி 6 கன மீற்றர் கொண்டுவந்தால் கொங்கிரீட்டின் எடை மட்டும் 14 டன். பிறகு மலக்குழி உறிஞ்சும் கலி பவுசர் வெறுமையாகப் போய் நிரம்பித் திரும்பும்.

ஆகவே வீட்டுக்குப் போடும் 5 அங்குலத் தட்டு இங்கே சரிவராது. 14 அடி இடைவெளிக்கு ஒரு அடிக்கு மேல் தடிப்பு வரும். சரியான அளவையும் கம்பியையும் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் இடத்தைப் பார்த்து வரைந்து தரட்டும். முழுச் செலவில் அந்தக் கட்டணம் சிறியது. இரு முனையில் மட்டும் தாங்கும் தட்டில் பிரதான கம்பி அடிப்பக்கம், கரையிலிருந்து கரைக்குப் போகவேண்டும். கொங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது இடம்மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். 28 நாள் முடியும்வரை டிப்பர் ஏறக்கூடாது.

சேசிஸ் வேண்டாம். அச்சுகள் இருக்கும் இடத்தில் தாங்குவதற்காகச் செய்த சட்டம் அது. இரு நுனியில் தூக்கி நடுவில் பாரம் வைப்பது வேறு கதை. உள்ளே எவ்வளவு துரு என்றும் தெரியாது.

பாதுக்கைக்காரி:
ஒரு விஷயம். காணி உங்களுடையது என்றாலும் ஓடை உங்களுடையதல்ல. நில அளவை வரைபடத்தில் ஓடை ஒதுக்கு நிலம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதேச சபையில் எழுத்தில் அனுமதி எடுங்கள். கீழே வயல் இருந்தால் கமநல சேவை நிலையத்திலும் கேட்கவேண்டும். 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் வயலுக்குப் போகும் தண்ணீரை மறிப்பவர்களைச் சும்மா விடாது. நாங்கள் கேட்காமல் தொடங்கி, கீழ் வயல்காரர் முறையிட்டு, பாதி கட்டிய சுவரோடு ஒரு வருடம் நின்றோம். முதலில் அவர்களிடம் போய்க் கதைத்திருந்தால் அந்த மனக்கசப்பே வந்திராது.

வெள்ளவத்தையிலிருந்து கேட்பவர்:
எல்லோருக்கும் நன்றி. கீழே இரண்டு வயல் இருக்கிறது, இந்த வாரமே போய்க் கதைக்கிறேன். வரைபடத்தையும் தேடி எடுத்தேன், ஒதுக்கு நிலம் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. ஐயா, எந்த மாதம் தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற வீதி மேற்பார்வையாளர்:
ஜனவரி, பெப்ரவரிதான் நம் பக்கம் மழை குறைவு. தை பிறக்குமுன் அனுமதியும் வரைபடமும் கையில் இருந்தால், சித்திரை மழைக்குமுன் தட்டு இறுகிவிடும். மிஞ்சிய அந்த இரண்டு குழாயையும் விற்றுவிடாதீர்கள் தம்பி. அத்திவாரம் தோண்டும்போது ஓடையின் மேல்பக்கம் மண்மூட்டை அடுக்கி, தண்ணீரை அவற்றின் வழியாகத் திருப்பிவிடலாம். வேலை முடிந்த அன்றே குழாயையும் மூட்டையையும் வெளியே எடுத்துவிடுங்கள்.