வால்வு கசிவுக் கணக்கு: இரண்டு முறைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம், எதை எடுப்பது?

டெல்டா_பொறியாளர்:
வணக்கம். நாகை பக்கம் ஒரு எரிவாயு சேகரிப்பு நிலையத்தில் சுற்றுச்சூழல் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கசிவு மீத்தேன் கணக்கை முதல்முறையாக நான் போடுகிறேன். எரிவாயு லைனில் 210 வால்வுகள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1995 கையேட்டில் வால்வுக்குச் சராசரிக் காரணி, அதாவது ஒரு வால்வில் சராசரியாகக் கசியும் அளவு, மணிக்கு 0.0045 கிலோ. பெருக்கினால் 0.945 கிலோ வருகிறது.

அதே கையேட்டின் ‘கசிகிறது, கசியவில்லை’ முறையில், எஃப்ஐடி கருவியால் (வாயுவைச் சுடரில் எரித்து அளக்கும் கருவி) எல்லா வால்வையும் சோதித்தோம். 10,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தாண்டியவை, அதாவது கசிபவை, மூன்றுதான். கசியும் வால்வுக்கான காரணி 0.098, கசியாததற்கு 0.000025. 3 × 0.098, மீதி 207 × 0.000025. மொத்தம் 0.299 கிலோ. எங்கே தப்பு? மீத்தேன் பங்கு 0.85 என்று வைத்திருக்கிறேன்.

பழைய_ஃபிளாஞ்ச்:
தம்பி, பெருக்கலில் தப்பு இல்லை. 0.0045-ஐப் பிரித்துப் பாருங்கள். 100 வால்வில் ஏறக்குறைய 4.6 வால்வு கசிந்தால்தான் அந்தச் சராசரி வரும். உங்களிடம் 210-க்கு 3, அதாவது 1.4 சதவீதம். நேரில் சோதித்த கணக்குதான் உங்கள் நிலையத்தைச் சொல்கிறது, அதையே கொடுங்கள்.

ஆனால் 0.85 எங்கிருந்து வந்தது? ஆய்வக அறிக்கையில் இருப்பது மோல் சதவீதமாக, அதாவது மூலக்கூறு எண்ணிக்கைப் பங்காக இருக்கும். காரணியோ எடைக் கணக்கு, அதுவும் கரிமச் சேர்மங்களின் மொத்த எடை. கரியமில வாயு அதில் சேராது.

டெல்டா_பொறியாளர்:
ஆமாம் சார், மோல்தான். மீத்தேன் 85, ஈத்தேன் 8, புரொப்பேன் 4, கரியமில வாயு 3.

பழைய_ஃபிளாஞ்ச்:
ஒவ்வொன்றையும் மூலக்கூறு எடையால் பெருக்கி, கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கூட்டுங்கள். மீத்தேன் பங்கு 0.766 வரும்.

கசிவு_தேடி:
நான் ஒன்று கேட்கிறேன். பதிவில் சுத்தமாக ‘0’ என்று எழுதிய வால்வு இருக்கிறதா? காற்றில் எப்போதும் ஒன்றிரண்டு பிபிஎம் மீத்தேன் இருக்கும், அதனால் வெறும் பூஜ்யம் எனக்குச் சந்தேகம். கசிவு பெரிதாக இருந்தால் எஃப்ஐடிக்குள் எரியும் சுடர் ஆக்சிஜன் போதாமல் அணைந்துவிடும். முள் ஒருகணம் எகிறிக் கீழே விழும். அவசரத்தில் அதைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். பெரிய கசிவுதான் நழுவுகிறது என்பதால் இது எனக்கு உண்மையிலேயே கவலை. வாயுவோடு காற்றைக் கலந்து செறிவைக் குறைக்கும் நீர்த்தல் முனையைப் பொருத்தி, வால்வின் தண்டு (ஸ்டெம்) அதைச் சுற்றிய அடைப்பை (கிளாண்ட்) விட்டு வெளிவரும் இடத்தில் மெதுவாகச் சுற்றி, அளவு அதிகமாகத் தெரியும் இடத்தில் கருவியின் மறுமொழி நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் பிடியுங்கள்.

டெல்டா_பொறியாளர்:
இன்று காலை போய்ப் பார்த்தேன். செபரேட்டர் பக்கத்து வால்வு ஒன்றில் ‘0’ இருந்தது. சோப்பு நுரை வைத்ததும் கிளாண்டைச் சுற்றிக் குமிழி பொங்கியது. நீர்த்தல் முனையில் 10,000-ஐத் தாண்டிவிட்டது. இப்போது நான்கு வால்வு: 4 × 0.098, 206 × 0.000025, மொத்தம் 0.397 கிலோ. கிளாண்ட் நட்டை இறுக்கியதும் 300 பிபிஎம்முக்கு இறங்கியது.

பழைய_ஃபிளாஞ்ச்:
நல்ல வேலை. இறுக்கிவிட்டோம் என்பதற்காகக் கணக்கை மூன்று வால்வோடு நிறுத்திவிடாதீர்கள். இறுக்கிய நாள் வரை கசிந்ததாகவும் அப்புறம் கசியாததாகவும் மணிநேரத்தைப் பிரியுங்கள். மற்ற மூன்றுக்கும் பழுது பார்க்கும் நாள் வரை அப்படியே. ஒன்றையும் தொடாமல் ஆண்டு முழுதும் விட்டிருந்தால் 0.397 × 8,760 × 0.766, அதாவது சுமார் 2.66 டன் மீத்தேன். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு சூடேற்றும் என்று வைத்து 28 ஆல் பெருக்கினால் 75 டன்னை ஒட்டிய கரியமில வாயுச் சமானம், வால்வில் மட்டும். குழாய் இணைப்புகளான ஃபிளாஞ்சும் கனெக்டரும் தனி.

டெல்டா_பொறியாளர்:
மற்ற மூன்றுக்கும் நாளைக்கே கிளாண்டுக்குள் இருக்கும் பேக்கிங்கை (அடைப்புப் பொருள்) மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஃபிளாஞ்ச் பதிவிலும் பூஜ்யங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஐந்து கிடைத்திருக்கின்றன.