இன்னும் கைக்கு வராத விருதை அப்ளிகேஷனில் எழுதலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஏற்காட்டிலிருந்து, பள்ளி ஆசிரியை:

எங்கள் பள்ளியில் வருடாவருடம் சில பிள்ளைகள், ஒரே படிவத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் என்ற இணையதளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். வேலை எல்லாம் முடிந்தது, அறிவிப்புதான் வரவில்லை, எழுதலாமா கூடாதா என்று.

போன பேட்ச் மாணவி ஒருத்தி. இன்டர்நேஷனல் அவார்டு ஃபார் யங் பீப்பிள் என்ற இளைஞர் விருதுத் திட்டத்தில் வெள்ளி வாங்கிவிட்டாள். தங்கத்துக்கு சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம், தங்கிச் செய்யும் ப்ராஜெக்ட் என ஐந்தும் முடிந்து ஒப்புதலுக்குப் போயிருந்தது. நவம்பர் 1 கடைசித் தேதி. சேலத்திலிருந்து மலையேறி வந்த அவள் அப்பா, "எப்படியும் வரத்தானே டீச்சர் போகுது, தங்கம்னே போட்டுடுங்க" என்றார். பிள்ளை ஒன்றரை வருடம் உழைத்ததைப் பார்த்த மனிதர், அவர் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த விண்ணப்பத்தின் கடைசியில், எழுதியதெல்லாம் உண்மை என்று மாணவி கையெழுத்துப் போடுகிறாள். பொய் என்று தெரிந்தால் கொடுத்த சீட்டையே ரத்து செய்யலாம்.

அங்கே விருதுகளை எழுதும் ஹானர்ஸ் பகுதியில் ஐந்து இடம்தான், ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்து. அதில் ஒன்றை வராத விருதுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளியை அங்கே போட்டோம். தங்கத்துக்காகச் செய்ததை ஆக்டிவிட்டீஸ் பகுதிக்குக் கொண்டுபோனோம். அங்கே பத்து இடம், விவரத்துக்கு 150 எழுத்து. ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் இடைவெளியையும் சேர்த்து எண்ணி எண்ணி, "ஐந்து பகுதிகளும் முடிந்தன, ஒப்புதல் நிலுவையில்" என்று வரும்படி எழுதினாள். செய்த வேலை அவளுடையது, அதை யாரும் மறுக்க முடியாது. ஒப்புதல் பிறகு வந்தது. கல்லூரியின் போர்ட்டலில் அவளே ஏற்றினாள், வருட நடுவில் பள்ளி கல்லூரிக்கு அனுப்பும் மிட்-இயர் ரிப்போர்ட்டில் நான் ஒரு வரி சேர்த்தேன்.

அழகாபுரத்திலிருந்து, ஒரு அப்பா:

எங்கள் பையனுக்குக் கணித ஒலிம்பியாட். செப்டம்பரில் முதல் கட்டத் தேர்வான ஐஓகியூஎம் எழுதினான், அடுத்த கட்டமான மண்டலத் தேர்வு ஆர்எம்ஓவுக்குத் தேர்வானான். ஆர்எம்ஓ நவம்பரில், அதற்கு மேல் தேசியத் தேர்வான ஐஎன்எம்ஓ ஜனவரியில். தெரிந்த ஒரு கன்சல்டன்ட் "ஐஎன்எம்ஓ எதிர்பார்ப்பு" என்று போடச் சொன்னார். எழுதாத பரீட்சைக்கு என்ன எதிர்பார்ப்பு? "ஆர்எம்ஓவுக்குத் தகுதி" என்று மட்டும் போட்டோம். அது நடந்து முடிந்த விஷயம், அதுவே பெரிசுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகு அந்த விண்ணப்பத்தில் கை வைக்க முடியாது. அனுப்பாத கல்லூரிகளுக்குத் திருத்தலாம். அதனால் ஜனவரியில் கெடு உள்ளவற்றை நாங்கள் கடைசியில்தான் அனுப்பினோம், அதற்குள் வந்த ரிசல்ட்டைச் சேர்த்துக்கொண்டோம்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

நீங்கள் சொல்வது வெளிநாட்டுக்குச் சரி. நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங் விளையாட்டு ஒதுக்கீட்டில் 'நிலுவை' என்ற பேச்சே இல்லை. என் பெண் காந்தி ஸ்டேடியத்தில் ஓடிப் பழகி மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினாள். நடத்தியவர்கள் சான்றிதழை அச்சடித்துத் தரவே இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். சரிபார்ப்புக்கு மெடலை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்ய, அங்கே பார்ப்பது காகிதம். அந்தப் போட்டி கணக்கில் சேரவில்லை. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போட்டி முடிந்த அன்றைக்கே மைதானத்தில் நின்று சான்றிதழ் எப்போது, யாரிடம் என்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஏற்காடு ஆசிரியை:

அம்மாப்பேட்டை சார், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கவுன்சலிங்குக்கு இது உதவாது, ஆனால் பாப்பா வெளியே எங்காவது விண்ணப்பித்தால், நடத்தியவர்களிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள். போட்டியின் பெயர், தேதி, அவள் பிடித்த இடம், மூன்றும் அதில் இருக்கட்டும். கல்லூரி விளக்கம் கேட்டால் பள்ளி வழியாக அதை அனுப்பலாம்.