மொறிஸ் மைனருக்கு முன் அன்ரி-ரோல் பார் பூட்டினாப் பிறகு இடப்பக்கம் டொக் டொக் எண்டு சத்தம்: உதவி வேணும்

கேள்வி: கொக்குவில்

வணக்கம். அப்பாவின்ர 1958 மொறிஸ் மைனர் 1000 இப்ப என்னட்டக் கிடக்கு. 948 சி.சி. எஞ்சின். யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெய் விட்டு ஓடின காலத்தையும் தாண்டி வந்த கார், அதால விக்கவும் மனம் வராது, சும்மா விடவும் மனம் வராது.

வளைவில ஆகலும் சரியுது எண்டு லண்டனில இருக்கிற மச்சான் முன் பக்கத்துக்கு ஒரு அன்ரி-ரோல் பார் (வளைவில கார் சரியிறதைக் குறைக்க ரண்டு முன் சில்லுப் பக்கத்தையும் இணைக்கிற இரும்புத் தண்டு) செற் அனுப்பினவர். போன ஞாயிறு வீட்டிலேயே பூட்டினன். முன் பக்கத்தை ஜக்கில ஏத்தி, சில்லுகள் தொங்க, சசிக்குக் (காரின்ர அடிச்சட்டம்) கீழ பாரைப் பிடிக்கிற டி புஷ் எண்ட ரப்பர் ரண்டையும், சில்லைத் தாங்குற கீழ் ஆமில பார் முனையை இணைக்கிற லிங்க் ரண்டையும் போட்டு, ரப்பர் பிதுங்குமட்டும் இறுக்கினன்.

வளைவில சரிவு நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனால் ஒழுங்கைக்குள்ள மெதுவா வரேக்க ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில விழுந்தால் இடப்பக்கம் டொக் எண்டு அடிக்குது. ரண்டு சில்லும் ஒண்டா ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. நிக்கிற காரைப் பாத்தால் வலப்பக்கம் கொஞ்சம் பதிஞ்ச மாதிரியும் கிடக்கு. பாரில பிழையோ, நான் பூட்டினதில பிழையோ?

பதில் 1: கோண்டாவில்

தம்பி, ரண்டு சில்லும் ஒண்டா எழும்பேக்க பார் முறுகாது, புஷ்ஷுக்குள்ள சும்மா உருளும். ஒண்டு மட்டும் அசைஞ்சால்தான் முறுகும். அதனால சத்தம் பாரோட சேர்ந்ததுதான். உறுதியாப் பாக்க, ஒரு பக்க லிங்கைக் கழட்டி, பாரின்ர அந்த முனையை எதிலயும் முட்டாமக் கட்டிப்போட்டு அதே ஒழுங்கையில ஒருக்கா மெதுவா ஓடிப் பாருங்கோ. ஒரு முனை கழண்டால் பார் வேலை செய்யாது.

மற்றது, சில்லு தொங்கேக்க லிங்கைக் கடைசியா இறுக்கக் கூடாது. கார் தன்ர பாரத்தில நிலத்தில நிக்கேக்கதான் இறுக்கவேணும். கீழ புக இடமில்லாட்டி நாலு சில்லுக்கும் ஒரே தடிப்பான பலகை வையுங்கோ. ரப்பர் பிதுங்கினது கூடிப்போச்சு, கொஞ்சம் இளக்குங்கோ.

பதில் 2: சாவகச்சேரி

நானும் மைனர் வச்சிருக்கிறன். இன்னும் தடிச்ச பார் வாங்கிப் போட்டால் நல்லதே?

பதில் 3: கோண்டாவில்

வேண்டாம். விறைப்பு விட்டத்தின்ர நாலாம் அடுக்கில ஏறும். 16 மில்லிமீற்றரில இருந்து 19க்குப் போனாலே கிட்டத்தட்ட இரட்டிப்பு. முன்பக்கம் அவ்வளவு விறைச்சால் வளைவில கார் திரும்ப மறுத்து வெளிய தள்ளிக்கொண்டு போகும், பள்ளத்தில ஒரு சில்லுக்கு விழுற அடி மற்றச் சில்லுக்கும் போகும்.

கேட்டவர்: கொக்குவில்

லிங்கைக் கழட்டி ஓடினன், சத்தம் இல்லை. திருப்பிப் பூட்டினால் வருது. பலகையில நிப்பாட்டி அளந்தும் பாத்தன்: சில்லின்ர நடுவில இருந்து மட்கார்ட் விளிம்புக்கு வலப்பக்கம் முக்கால் இஞ்சி குறைவு.

பதில் 4: பழைய கராஜ்காரர், நல்லூர்

தம்பி, முக்கால் இஞ்சி சின்ன விசயமில்லை. மைனருக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, சசியோட நீளமாப் போற, முறுகி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற ரோர்சன் பார்தான் பாரம் தாங்குறது. சாரதிப் பக்கம் காலப்போக்கில சோர்ந்து போகும். கார் சரிஞ்சு நிக்க, ஒரே நீள லிங்க் ரண்டையும் போட்டால் உங்கட அன்ரி-ரோல் பார் நிண்ட இடத்திலயே முறுகி நிக்கும். ஒரு லிங்க் எந்நேரமும் தள்ளும், மற்றது இழுக்கும். முதல் உயரத்தைச் சரிப்படுத்துங்கோ. அது ரோர்சன் பாரின்ர பின் முனையில செய்யிற வேலை. முறுக்கு இருக்கேக்க போல்ற்றைக் கழட்டினால் கை போகும். வேலை தெரிஞ்ச ஆளை வையுங்கோ.

சத்தத்துக்கு ஒரு வழி சொல்லுறன். வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பைத் தண்ணியில குழைச்சு, பாரிலயும் அதுக்குக் கிட்ட இருக்கிற இரும்புகளிலயும் பூசிக் காயவிட்டு ஓடுங்கோ. முட்டுற இடத்தில சுண்ணாம்பு தேய்ஞ்சு இரும்பு மினுங்கும்.

கடைசியா, உது எல்லாத்துக்கும் முன்னம் செய்யவேண்டியது. கீழ் ஆமுக்கு ஜக் வைச்சு சில்லை நிலத்தை விட்டுக் கொஞ்சம் தூக்கி, ரயருக்குக் கீழ அலவாங்கு குடுத்து நெம்பிப் பாருங்கோ. ட்ரனியன் (சில்லு திரும்புற பின்னை ஆமோட இணைக்கிற மரைத் துண்டு) மரை தேய்ஞ்சிருந்தால் கையில தெரியும். மைனரில அந்த மரை விட்டால் சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும். றோட்டில மடிஞ்சு கிடந்த மைனரை நான் போய்த் தூக்கியிருக்கிறன்.

கேட்டவர்: கொக்குவில்

ஐயா, சுண்ணாம்பு காட்டிக் குடுத்திட்டுது. இடப்பக்க ரை றொட்டில (ஒரு இணைப்புத் தடி) பெருவிரல் நகமளவு மினுக்கம், நேரெதிரே பாரிலயும் அதே அளவு. பார் டி புஷ்ஷுக்குள்ள வழுக்கி ஒரு விரல் அகலம் இடப்பக்கம் போயிருக்கு. நடுவுக்குக் கொண்டுவந்து புஷ்ஷுக்கு உள்பக்கமா ரண்டு பக்கமும் கொலர் (பாரை வழுக்க விடாத வளையம்) போட்டு இறுக்கினன். சத்தம் நிண்டிட்டுது.

ஆனால் அலவாங்கு குடுத்துப் பாக்க வலப்பக்கம் கீழ் ட்ரனியன் "கிளிக்" எண்டு ஏறி இறங்குது. காரைக் கட்டையில ஏத்திப்போட்டன், இனி ஓடேல்ல. சாமான் கொழும்பில பஞ்சிகாவத்தையில தேடச் சொல்லியிருக்கிறன். உயரத்தையும் அதோட சேத்துச் செய்விக்கிறன்.

பதில் 5: நல்லூர்

நல்ல வேலை. சாமான் எடுக்கேக்க வலமோ இடமோ எண்டு சொல்லி எடுங்கோ, ரண்டு பக்கத்து மரையும் ஒண்டில்லை. ட்ரனியன் ஏறி நிக்கிற மரைப் பின்னையும் ட்ரனியனையும் சேத்தே மாத்துங்கோ, தேஞ்ச பின்னில புது ட்ரனியன் நிலைக்காது. பூட்டினாப் பிறகு 1000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ், பக்கத்துக்கு மேலயும் கீழயும் கிறீஸ் ஏத்துற ஒவ்வொரு நிப்பிள்.

பார் பூட்டின சசி இடத்தையும் ஒருக்கா சுத்தியலால தட்டிப் பாருங்கோ. எங்கட உப்புக் காத்துக்கு உள்ளுக்குள்ள கறள் பிடிச்சிருந்தால் சத்தம் மந்தமாக் கேக்கும். அங்க போல்ற் ஊடுருவிப் போகுதெண்டால் சசியின்ர பெட்டிக்குள்ள இரும்புக் குழாய் ஒண்டு குடுத்து இறுக்கவேணும், இல்லாட்டி சசி நசியும். போல்ற் எல்லாம் யு.என்.எஃப். (இஞ்சி அளவு) மரை. 3/8 இஞ்சி போல்ற்றுக்கு எம் 10 (மில்லிமீற்றர் அளவு) நட் கிட்டத்தட்டப் போற மாதிரி இருக்கும், போடாதேங்கோ.

கேட்டவர்: கொக்குவில்

தட்டிப் பாத்தன் ஐயா. வலப்பக்கம் கணீர் எண்டு கேக்குது. இடப்பக்கம் ஒரு கையகலம் மந்தம். கழட்டி ஒட்டுவிச்சுப்போட்டுத்தான் திரும்பப் பூட்டுவன்.