நகர்ப்புறப் பிள்ளைகளுக்குச் சர்ஃபிங்: எங்கிருந்து தொடங்குவது?

மாடிவகுப்பு:
நகரத்தின் நடுவில், நெருக்கடியான குடியிருப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். கடல் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில்கூட நின்றதில்லை. 10 முதல் 14 வயது வரை 12 பேர், எல்லாரும் விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்தவர்கள். வாரம் ஒருமுறை, எட்டு வாரம் இவர்களுக்குச் சர்ஃபிங் (பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது) சொல்லிக்கொடுப்பது திட்டம். நீச்சல் தெரியாமல் பலகையைத் தொடவே கூடாது என்கிறார் ஒருவர். இடுப்பளவு தண்ணீர்தானே, பலகை மிதக்குமே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எத்தனை பலகை, எத்தனை பெரியவர்கள் வேண்டும்?

நீச்சல்குளம்:
பலகை மிதக்கும், அதில் சந்தேகமில்லை. பலகை கையை விட்டுப் போன பிறகுதான் நீச்சல் தேவைப்படுகிறது. லீஷ் (பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு) அறுந்து போகலாம், காலில் சரியாக ஒட்டாமல் கழன்றும் போகலாம்.

அதனால் முதல் மூன்று வாரம் குளத்தில் செலவழியுங்கள். பார்க்க வேண்டியது அழகான நீச்சலை அல்ல. தலை மூழ்கும் ஆழத்தில் குதித்து, தானாக மேலே வந்து, ஒரு நிமிடம் மிதக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். 25 மீட்டர் நீந்தி, ஏணி இல்லாமல் ஏறி வர வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் (அவர்கள் கணக்கு 25 கெஜம்). நன்றாக நீந்தும் பிள்ளைகள்கூட மிதப்பதில் தோற்பார்கள். பயத்தில் கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்குவார்கள், இடுப்பு கீழே போய்விடும். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தால் உடம்பு தானாகவே மேலே வரும்.

மூச்சடக்கும் போட்டி மட்டும் வேண்டாம். வேகமாக நாலைந்து தடவை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலே வராமல் நினைவு தப்பலாம்.

தேர்வில் தேறாதவர்களைக் கரையில் உட்கார வைக்காதீர்கள். கடலுக்கு அவர்களும் வரட்டும்: முழங்கால் ஆழம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையெட்டும் தூரம். காற்றடைத்த கைப்பட்டையை நம்பாதீர்கள். தடித்த லைஃப் ஜாக்கெட் போட்டால் பலகையில் குப்புறப் படுக்க முடியாது, அலைக்கு அடியில் குனிந்து தப்பிக்கவும் முடியாது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டோடு அலையில் விளையாட்டு மட்டும்.

அலைவாய்:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மூன்று வாரம் குளத்திலேயே வைத்திருந்தால் பாதிப் பேர் வராமல் நின்றுவிடுவார்கள். முதல் வாரமே கடலைக் காட்டுங்கள், பலகை இல்லாமல். நுரைக்குள் நிற்பது, அலைக்குப் பக்கவாட்டில் திரும்புவது, கீழே குனிந்து அலையை மேலே போக விடுவது, இது போதும்.

கரையைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. மெல்லச் சரியும் மணற்கரை வேண்டும். அங்கே அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக உருண்டு வரும். கரை செங்குத்தாக இருந்தால் அலை கடைசி நொடியில் அப்படியே மணலில் குத்தும். கழுத்து அடிபடுவது அங்கேதான். ஒரே கரை கடல்மட்டம் இறங்கியிருக்கும்போது நல்லதாகவும் ஏறியிருக்கும்போது குத்துவதாகவும் இருக்கலாம், அதனால் ஓத அட்டவணையை (கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்து நேரம் குறியுங்கள். நுரை முழங்காலிலிருந்து தொடை உயரம் வரை இருந்தால் போதும். முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அரை மீட்டர் அலைதான், ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 14 விநாடி என்றால் அது 7 விநாடி அலையைவிட அதிகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும்.

பிள்ளைகளை இறக்குவதற்கு முன் இருபது நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாக அலை உடையும் இடத்தில் ஒரு பகுதி மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்து, நுரையும் கலங்கல் மணலும் கடல் பக்கமாக நகர்ந்தால் அது ரிப் கரண்ட், கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். தெரியாதவர்கள் அலை இல்லையே என்று நேராக அங்கேதான் இறங்குவார்கள். பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் வேகம். பலமாக இருக்கும்போது 2 மீட்டரைத் தாண்டும், அதை எதிர்த்து யாராலும் நீந்த முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது: பலகையை விடாதே, கையைத் தூக்கு, கரையை நோக்கி முட்டி மோதாதே. இழுவை தளர்ந்ததும் பக்கவாட்டில், அலை உடையும் பக்கம் போ. நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும் நாள் பார்க்க அழகாக இருக்கும். லேசான பலகையையும் அதன்மேல் இருக்கும் பிள்ளையையும் வெளியே தள்ளிவிடும். பலமாக அடித்தால் ரத்து.

12 பேருக்கு ஆறு பலகை வாங்குங்கள். காசு மிச்சம் என்பது இரண்டாவது காரணம். இரண்டு பேருக்கு ஒரு பலகை என்றால் தண்ணீரில் எப்போதும் ஆறு தலைதான், எண்ணுவது எளிது. கரையில் இருக்கும் ஜோடி தன் கூட்டாளியை மட்டும் பார்க்கட்டும். தண்ணீரில் இரண்டு பெரியவர்கள், ஆளுக்கு மூன்று பிள்ளைகள். கரையில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கையில் போனோ கேமராவோ இருக்கக் கூடாது. மூழ்குகிறவர் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது.

பலகை மேல்புறம் ஃபோமாக, 8 அடி. 35 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 7 அடி. ஃபின் (பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்பு) வளையும் ரப்பராக இருக்கட்டும். லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக, பலகையில் நிற்கும்போது பின்னால் வைக்கும் காலில். பலகையின் வால் பக்கம் லீஷைக் கட்டும் சின்னக் கயிற்றைப் பாருங்கள்: அது நீளமாக இருந்து விளிம்பைத் தாண்டித் தொங்கினால், இழுபடும்போது கத்தி மாதிரி ஃபோமை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். லீஷின் பட்டையான துணிப் பகுதிதான் விளிம்பில் உரச வேண்டும்.

முனை தண்ணீரில் குத்தி பிள்ளை தலைகீழாகப் போனால், அவன் அதிகம் முன்னால் படுத்திருக்கிறான். முனை வானத்தைப் பார்த்து அலை விட்டுவிட்டுப் போனால் அதிகம் பின்னால். எழும்போது பலகையின் விளிம்பைப் பிடிப்பதுதான் பொதுவான பிழை; உள்ளங்கை விலாவுக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்ற வேண்டும். பலகையை ஒருபோதும் தனக்கும் அலைக்கும் நடுவில் வைக்கக் கூடாது, அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். விழுந்தால் தட்டையாக, மேலே வரும்போது இரண்டு கையும் தலைக்கு மேல்.

உலர்துணி:
பிள்ளைகள் வராமல் நிற்பது பெரும்பாலும் அலைக்குப் பயந்து அல்ல. உடை மாற்ற இடமில்லை, முடி நனையும், குளிரும், வீடு திரும்ப இருட்டும். இதைத் தீர்க்காமல் பலகை வாங்காதீர்கள்.

தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே என்றால் 3/2 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் இறுக்கமான ரப்பர் உடை; உடம்பில் 3, கை காலில் 2 மில்லிமீட்டர் தடிமன்), இன்னும் குளிர்ந்தால் 4/3. பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். நடுக்கம் தொடங்கினால் ‘இன்னும் ஒரே ஒரு அலை’ கிடையாது. 12 பேருக்கு 12 சூட் போதாது, நடு அளவுகளில் நாலு கூடுதல் வேண்டும். தொளதொளத்தால் தண்ணீர் புகுந்து சூட்டே வீண். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், இடுப்பில் மடித்துத் தொங்கவிடுங்கள். தோள்பட்டையில் மாட்டினால் இழுபட்டுப் போகும். பின்னல் போட்டவர்களுக்குப் பெரிய நீச்சல் தொப்பி, உடம்பை மூட விரும்புகிறவர்களுக்கு இறுக்கமான முழுக்கைச் சட்டையும் லெக்கின்ஸும். கேட்டு வாங்க வைக்காதீர்கள், எல்லாருக்கும் எடுத்து வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, காதில் குழாய் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்ஹேலர் பஸ்ஸில் இல்லாமல் கரையில் நிற்பவரிடம் இருக்கட்டும். முடிந்தால் கரைக்குப் பக்கத்தில் ஒரு அறையோ பெட்டியோ பிடித்துப் பலகைகளை அங்கேயே பூட்டி வையுங்கள். வாராவாரம் ஏற்றி இறக்குவதுதான் இப்படிப்பட்ட முயற்சிகளைச் சத்தமில்லாமல் கொல்கிறது.

மாடிவகுப்பு:
ஆறு பலகை யோசனை பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம்: மழை பெய்த மறுநாள் போகலாமா? எங்கள் கரைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கடலில் விழுகிறது.

அலைவாய்:
வேண்டாம். நகரத்துச் சாலைக் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். பலத்த மழைக்குப் பிறகு 72 மணி நேரம் விடுங்கள், மழை இல்லாத நாளிலும் வாய்க்கால் வாயிலிருந்து தள்ளியே இறங்குங்கள். ஆறாத காயம் இருக்கும் பிள்ளை அந்த வாரம் கரையில் எண்ணுகிற வேலையில் துணைக்கு நிற்கட்டும். இடி கேட்டால் எல்லாரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி.