பிரிட்டனில் பாய்லர் வேலைக்கு யாரை நம்பிக் கூப்பிடுவது?

கேள்வி: லீட்ஸில் வாங்கிய வீட்டில் பழைய கேஸ் காம்பி பாய்லர் (ரேடியேட்டர் சூடும் குழாய் வெந்நீரும் ஒரே பெட்டியில்). ப்ரெஷர் அடிக்கடி இறங்குகிறது. தெரிந்த ஒருவர், "நம்ம ஊர்ப் பையன் இருக்கான், கேஷா கொடுத்தா பாதி விலைதான்" என்கிறார். கூப்பிடலாமா அண்ணா?

பதில்: அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம் தம்பி. ஊர் எதுவானாலும் முதலில் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களின் அதிகாரபூர்வப் பதிவு) அட்டையைக் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு கேஸ் வேலை செய்வது இங்கே குற்றம். "கோர்கி பதிவு இருக்கு" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2009 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவின் இடத்துக்குக் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் வந்துவிட்டது.

அட்டையின் முன்பக்கத்தில் படம், பெயர், உரிம எண், காலாவதி தேதி இருக்கும். பெரும்பாலோர் அதோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். முக்கியமானது பின்பக்கம்தான். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் திறக்கக் கூடாது. எண்ணைக் கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது 0800 408 5500-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிறுவனத்துக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, பாய்லரைத் தொடுகிற ஆளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். முதலாளியின் எண்ணைக் காட்டிவிட்டு உதவியாளரை அனுப்புவது நடக்கிற கதை. கிராமப்புறத்தில் எண்ணெய் பாய்லர் என்றால் ஆஃப்டெக் பதிவையும், ஹீட் பம்ப் என்றால் எம்சிஎஸ் சான்றையும் பாருங்கள்.

இனி உங்கள் ப்ரெஷர் விஷயம். பாய்லர் ஆறியிருக்கும்போது ப்ரெஷர் கேஜின் முள் 1 முதல் 1.5 பாரில் (பார், அழுத்தத்தின் அலகு) நிற்க வேண்டும். குறைந்தால், ஃபில்லிங் லூப் என்கிற பின்னல் குழாயின் இரண்டு வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, 1.2 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். சில மாடல்களில் குழாய்க்குப் பதிலாக பாய்லருக்கு அடியிலேயே ஒரு கைப்பிடி இருக்கும். இதற்கு யாரும் வர வேண்டாம்.

சில நாளில் மறுபடி இறங்கினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஏதோ ஒரு ரேடியேட்டர் வால்விலோ தரைக்கடியில் ஓடும் குழாயிலோ கசிவு. அல்லது எக்ஸ்பான்ஷன் வெஸலில் (விரியும் தண்ணீருக்கு இடம் தரும் காற்றுக் கலம்) காற்று போய்விட்டது. அல்லது ப்ரெஷர் ரிலீஃப் வால்வு சரியாக மூடாமல், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியே சொட்டுகிறது. ஹீட்டிங் ஓடும்போது முள் 3 பாரை நெருங்கி, ஆறியதும் 1-க்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் வெஸல் மேல்தான். தண்ணீர் சூடானால் விரியும், அந்த விரிவைத் தாங்க உள்ளே காற்று இல்லாததால் அழுத்தம் ஏறி, ரிலீஃப் வால்வு தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அப்படி ஒருமுறை திறந்த வால்வு பிறகு ஒழுங்காக மூடாமலும் போகும். தினமும் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். அதோடு வரும் ஆக்ஸிஜன் ரேடியேட்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

ஆளை எடைபோட இது நல்ல சந்தர்ப்பம். "வெஸலில் காற்று எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள். தண்ணீர்ப் பக்க அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு கேஜ் வைத்து அளந்தவர் எண்ணைச் சொல்வார். சாதாரணமாக 0.75 முதல் 1 பார் வரை இருக்கும். எதையும் அளக்காமல் "பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஆண்டு சர்வீஸுக்கும் இதே அளவுகோல். ஃப்ளூ கேஸ் அனலைசர் (புகைக்குழாய் வாயுவை அளக்கும் கருவி) இல்லாமல் வந்து, மூடியைத் துடைத்துவிட்டுப் போனால் அது சர்வீஸே இல்லை. எரிதல் சரியாக இருக்கிறதா என்பது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு அளவுகளிலிருந்துதான் தெரியும். அந்த அளவுகளை எழுத்தில் வாங்கி வையுங்கள். கண்டன்சேட் ட்ராப்பை (பாய்லர் புகையிலிருந்து வடியும் நீர் சேரும் இடம்) கழுவினாரா, மீட்டரில் கேஸ் ஓட்டத்தைக் கணக்கிட்டாரா என்றும் கேளுங்கள்.

யாராவது "உடனடி ஆபத்து" என்று சொல்லி பாய்லரை நிறுத்தினால், எழுத்தில் எச்சரிக்கை நோட்டீஸ் கேளுங்கள். உண்மையான ஆபத்து என்றால் அவரே கொடுப்பார். நோட்டீஸும் இல்லாமல் புதுப் பாய்லர் விலை மட்டும் சொன்னால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அதுவரை பாய்லரை ஓட்ட வேண்டாம்.

இன்னொரு பதில்: அண்ணா சொன்னதோடு, புதுசே போட வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியவை. மூன்று பேரிடம் விலை வாங்குங்கள், மூவரும் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களாக இருக்கட்டும். போனிலேயே விலை சொல்பவர் கேஸ் குழாயைப் பார்த்திருக்க மாட்டார். பழைய பாய்லருக்கு 15 மி.மீ. குழாய் போதுமானதாக இருந்திருக்கும், பெரிய காம்பிக்குப் பல வீடுகளில் 22 மி.மீ. தேவைப்படும். மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையே அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் இறங்கக் கூடாது. "குழாய் மாற்ற வேண்டுமா, விலையில் அதுவும் சேர்ந்ததா?" என்ற ஒரே கேள்வியில் பாதி பேர் தெரிந்துவிடுவார்கள்.

கிலோவாட் அதிகம் இருந்தால் நல்லது என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். காம்பியின் பெரிய எண் ஷவர் தண்ணீருக்கானது. ஒரு சாதாரண டெரஸ் (வரிசையில் ஒட்டிக் கட்டிய) வீட்டை ரேடியேட்டரால் சூடாக்க, பல நேரம் 10 கிலோவாட்டுக்கும் குறைவாகவே போதும். ஹீட்டிங் பக்கத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். ஃப்ளோ வெப்பநிலை, அதாவது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு, 60 டிகிரி அளவில் இருக்கட்டும். திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் கண்டன்சிங் பாய்லர் (புகையில் உள்ள நீராவியின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகை) தன் முழுப் பயனைக் கொடுக்கும்.

ரேடியேட்டர் அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் உள்ளே கரிய சேறு இருக்கிறது. (மேல்பக்கம் குளிர்ந்தால் வெறும் காற்று, சாவி போட்டு வெளியேற்றினால் சரியாகிவிடும்.) அந்தச் சேற்றைச் சுத்தம் செய்யாமல் புதுப் பாய்லரை மாட்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) அடைபடும், வாரண்டியும் கைவிரிக்கும். ஃப்ளஷ் (குழாய்களைக் கழுவுதல்), மேக்னெடிக் ஃபில்டர் (சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி), இன்ஹிபிட்டர் (துருத்தடுப்பு மருந்து) மூன்றும் விலைப் பட்டியலில் தனித்தனியாக இருக்க வேண்டும். கண்டன்சேட் குழாய் வெளியே ஓடினால் 32 மி.மீ. குழாயும் அதற்கு வெப்பக்காப்பு உறையும் கேளுங்கள். மெல்லிய குழாய் ஜனவரியில் உறைந்து பாய்லரை நிறுத்திவிடும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

பாதி விலைக்குக் கேஷ் கொடுத்தால் கையில் காகிதம் எதுவும் மிஞ்சாது. மேனுவலில் நிரப்பிய பெஞ்ச்மார்க் (பாய்லர் மாட்டிய விவரங்களைப் பதியும்) பக்கம், வாரண்டிப் பதிவு, இங்கிலாந்தில் கட்டட விதிச் சான்றிதழ் மூன்றும் வர வேண்டும். சான்றிதழுக்கான தகவலை இன்ஜினியர் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பின்னாளில் வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் கேட்பது அதைத்தான். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலை என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பேற்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வாடகை வீடு அக்கா. எங்களுக்கு?

பதில்: இன்ஜினியரைத் தேடுவதும் செலவும் லேண்ட்லார்ட் பாடு. 12 மாதத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்து, 28 நாளுக்குள் அந்தச் சோதனைப் பதிவின் நகல் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வரும் முன்பே தர வேண்டும். அதிலும் இன்ஜினியர் எண் இருக்கும், சரிபாருங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கேஸ் வாடை வந்தால் லேண்ட்லார்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் கேஸை மூடும் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடிவிட்டு, வெளியே வந்து 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள். மீட்டர் நிலவறைக்குள் இருந்தால் உள்ளே இறங்க வேண்டாம்.