செண்பகப் பறவையிடமிருந்து கடைசிக் குருவிக் குஞ்சைக் காப்பாற்ற வழி வேண்டும்

பண்டாரவளைப் பக்கம், தோட்ட லயம் (வரிசை வீடு). எங்கள் இஸ்தோப்பு (முன் வராந்தா) விளக்குக்கு மேலே கொண்டைக்குருவி கட்டிய கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. நேற்றுக் காலை ஆறரைக்குச் செண்பகம் ஒன்று உள்ளேயே வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. பின்னேரம் இன்னொன்று. தாய்க்குருவி அதன் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியும் அது அசையவில்லை. பிள்ளைகள் அழுகிறார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணன் கெட்டபோலோடு (கவணோடு) நிற்கிறார். அப்பாயியோ, "அது நத்தை தின்னும் பறவை, கைவைக்காதே" என்கிறார். அவர் பக்கம்தான் நானும். அதுவும் தன் குஞ்சுக்குத்தானே கொண்டுபோகிறது.

பழைய சீடி கட்டித் தொங்கவிட்டேன், ஒரு மணி நேரம்கூடப் பயப்படவில்லை. கோழிக்கூட்டுக் கம்பிவலையால் மூடினேன், தாய்க்குருவியே உள்ளே வராததால் கழற்றிவிட்டேன். தகரம் தட்டினால் இரண்டும் பறக்கின்றன. இன்று லீவு போட்டுக் காவல் இருக்கிறேன், நாளை முடியாது. மிச்சமிருக்கும் குஞ்சு பொரித்து ஆறு நாள். பறக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும்.

கொண்டைக்குருவி நுழையவும் செண்பகம் நுழையாமலிருக்கவும் வலையில் எத்தனை அங்குல வழி விட வேண்டும்?