வாசிப்புப் பாடம்: கைந்நூல் சொல்றதா, ரீச்சர் சொல்றதா?

உப்புவெளி_ரீச்சர்
ரெண்டாம் ஆண்டுக்கு ஒரு திட்டத்தால வாசிப்புக் கைந்நூல் வந்திருக்கு, நான் என்ன கேக்கோணும், பிள்ளை என்ன சொல்லோணும், எத்தினை நிமிசம், எல்லாம் அதிலயே அச்சடிச்சிருக்கு. என்ர பிள்ளையள் ண, ன, ந மூண்டுலயும் தடுமாறுதுகள், கைந்நூலோ நாளைக்கு ஒற்றைக்கொம்புக்குப் போ எண்டுது. பாக்க வாறவர் பக்க நம்பரைத்தான் பாக்கிறார், பிள்ளை வாசிக்கிறதைக் கேக்கிறேல்ல.

மூதூர்_வாப்பா
டீச்சர், நீங்க நல்லாப் படிப்பிப்பீங்க, ஆனா எங்கட பக்கம் வாறவங்க மாற்றம் கிடைச்ச உடன போயிருவாங்க. ஒராள் அ ஆ எண்டு துவங்குவா, அடுத்தவ ட ப ம எண்டு துவங்குவா, புள்ள நடுவுல முழிக்குது. கைந்நூல் இருந்தா விட்ட இடத்துல புடிக்கலாமே.

திருமலை_பொடியன்
அமெரிக்காவில 1968ல துவங்கின ஃபொலோ த்ரூ ப்ரொஜெக்டைப் பாருங்கோ. ஏழைப் பிள்ளையளுக்கு எண்டு பல முறைகளை விட்டுப் பாத்தாங்கள், ரீச்சர் பேசவேண்டியதை எழுதியே குடுத்த டைரெக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான் அடிப்படைத் திறன்ல முன்னுக்கு நிண்டது. அனுபவம் அனுபவம் எண்டு கதைக்கிற ஆக்களுக்கு இது கசக்கும்.

உப்புவெளி_ரீச்சர்
தம்பி, மிச்சத்தையும் வாசியுங்கோ. ஒரே முறை ஒரு ஊரில எழும்பி இன்னொரு ஊரில படுத்திட்டு எண்டு அப்பவே பெரிய சண்டை. அதோட அந்த டைரெக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷனை உருவாக்கின எங்கெல்மன்ட முறையில முதல் பிள்ளைட மட்டம் பாத்துக் குழுவாப் பிரிக்கோணும், பிழை விட்டா அந்த இடத்திலயே திருத்தோணும், பிடிபட்டாப் பிறகுதான் அடுத்த பாடம். திகதியைப் பாத்துப் பக்கம் திருப்பச் சொல்லி அந்த மனுசன் எங்க சொன்னவர்?

நிலாவெளி_சேர் (பென்சன்காரன், இடையில வாறதுக்கு மன்னிக்கோணும்)
கென்யாவில டுசோமே எண்டு ஒரு வாசிப்புத் திட்டம் 2015ல நாடு முழுக்கத் துவங்கினது, அங்கயும் கைந்நூல்தான், ஆனா பிள்ளைக்கு ஒரு புத்தகம், வகுப்பில வந்திருந்து பாத்து ரீச்சருக்கு வழி சொல்ல ஆக்கள், எல்லாம் சேத்துக் குடுத்தது. பல நாட்டுக் கைந்நூல்களை ஒண்டாப் பாத்த 2018 ஆய்வில வசனத்துக்கு வசனம் எழுதினதை விடச் சுருக்கமா எழுதினதுதான் கூடப் பலன் எண்டு வந்தது. இங்க செலவு குறைஞ்ச பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திட்டு ரீச்சரில பிழை பிடிக்கிறது.

திருமலை_பொடியன்
சேர், அப்ப கைந்நூல் வேணும் எண்டுதானே சொல்றீங்க?

நிலாவெளி_சேர்
வேணும். மெல்லிசா.

மூதூர்_வாப்பா
சரி டீச்சர், நீங்க ண ன வில நிண்டா எவ்வளவு நாள் நிப்பீங்க? அடுத்து வாற டீச்சருக்கு அது எப்பிடித் தெரியும்?

உப்புவெளி_ரீச்சர்
எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வரேல்ல எண்டு ஒரு கொப்பியில எழுதி வகுப்பிலயே வச்சிட்டுப் போறன். கிழமைக்கு ஒருநாள் கைந்நூலை வெறுமையா விடட்டும், விடுபட்டதை அண்டைக்குப் பாக்கிறன்.

மூதூர்_வாப்பா
ஒருநாள் எண்டாச் சரி. ரெண்டாக்கினா நான் வலயக் கந்தோருக்கு வருவன் 😄